மந்தர ஸ்தாயியில் ஒரு ராக் குழு

அதிகம் பேசப்படாத ராக் குழுக்களில் அவசியம் கேட்க வேண்டியது எது என்று சென்ற இதழில் வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். அமெரிக்காவின் மார்ஃபின் குழு என்று ஒரே வரியில் பதில் எழுதியிருந்தேன். அந்த ஒரு வரி போதாது என்று பலர் எழுதியிருக்கிறார்கள். கேட்டுப் பார்த்துவிட்டுத் தங்கள் ஐயங்களை அனுப்பியவர்களும் உண்டு. ஆகவே இம்முறை இந்தப் பகுதி முழுவதையும் அந்தக் குழுவுக்கே ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: மார்ஃபின் குழுவில் யார் யார் இருந்தார்கள்? ராக் இசைக்குழு என்கிறார்கள், ஆனால் கிதாரே கிடையாது என்றும் சொல்கிறார்கள். அது எப்படி?

பதில்: மாசசூசெட்ஸ் மாநிலத்தில், பாஸ்டன் நகரத்துக்கு எதிரே சார்லஸ் ஆற்றின் மறுகரையில் உள்ள கேம்பிரிட்ஜில் 1989ஆம் ஆண்டு மூன்று பேர் சேர்ந்து தொடங்கிய குழு இது. மார்க் சாண்ட்மன் பாடல்களை எழுதிப் பாடினார். தாழ்ந்த ஒலி தரும் பேஸ் கிதாரையும், இரண்டே தந்திகளோடு, வாசித்தார். டேனா காலி, சாக்ஸஃபோன் வகைகளில் தாழ்ந்து ஒலிக்கும் பாரிட்டோன் சாக்ஸஃபோன் வாசித்தார். டிரம்ஸில் முதலில் இருந்தவர் ஜெரோம் டுப்ரீ. இரண்டாவது ஆல்பம் உருவான காலத்தில் உடல்நலக் காரணங்களால் அவர் விலக நேர்ந்தபோது, சாண்ட்மனோடு முன்பே வேறொரு குழுவில் வாசித்திருந்த பில்லி கான்வே அந்த இடத்துக்கு வந்தார். 1992இல் ‘குட்’, 1993இல் ‘க்யூர் ஃபார் பெய்ன்’, 1995இல் ‘யெஸ்’, 1997இல் ‘லைக் ஸ்விம்மிங்’, 2000இல் ‘தி நைட்’ என ஐந்து ஆல்பங்கள் வெளிவந்தன. இவை தவிர, உதிரிப் பாடல்களின் தொகுப்பு ஒன்றும், 1994இல் டெட்ராய்ட் நகர மேடையில் வாசித்ததன் பதிவு ஒன்றும் கிடைக்கின்றன.

கிதார் இல்லை என்று சொல்லும்போது ஆறு தந்தி மின்கிதாரைத்தான் குறிப்பிடுகிறோம். ராக் இசை தோன்றிய நாளிலிருந்து அதன் முகமாக விளங்கும் கருவி அது; பாடகரின் குரலுக்குப் பின்னால் சுவர்போல் எழுந்து நிற்பதும், குரல் ஓய்ந்த இடத்தில் முன்னே வந்து பேசுவதும் அதுதான். மார்ஃபின் அதை எடுத்துவிட்டு அந்த வேலையைப் பாரிட்டோன் சாக்ஸஃபோனிடமும் பேஸிடமும் பகிர்ந்து கொடுத்தது. அதன் விளைவாக வந்த இசைக்கு ‘லோ ராக்’ என்று அவர்களே ஒரு பெயர் வைத்துக்கொண்டார்கள். மந்தர ஸ்தாயியிலேயே குடியிருக்கும் ராக் இசை என்று நாம் புரிந்துகொள்ளலாம்.

கேள்வி: பேஸ், பாரிட்டோன் சாக்ஸஃபோன், ஆழ்ந்த ஆண் குரல் ஆகிய மூன்றும் தாழ்ந்த ஒலிகள். மூன்றையும் ஒன்றாகக் கலந்தால் குழம்பிப் போகாதா?

பதில்: குழம்பத்தான் வேண்டும். ஒலிப்பதிவு தெரிந்த எவரும் முதலில் எழுப்பும் ஐயம் இதுதான். ஆறு தந்திக் கிதாரின் மிகத் தாழ்ந்த தந்தி ஏறத்தாழ 82 ஹெர்ட்ஸில், அதாவது நொடிக்கு 82 அதிர்வுகளோடு, ஒலிக்கிறது; எண் குறையக் குறைய ஒலி தாழும். வழக்கமான நான்கு தந்தி பேஸின் கடைசித் தந்தி 41 ஹெர்ட்ஸில் ஒலிக்கிறது. பாரிட்டோன் சாக்ஸஃபோன், அதன் அமைப்பைப் பொறுத்து, 65 அல்லது 69 ஹெர்ட்ஸ் வரை இறங்கும். தாழ்ந்த ஒலிகள் இரண்டு ஒரே நேரத்தில் நெருக்கமாக ஒலித்தால் காது அவற்றைப் பிரித்தறியத் திணறும். அதனால்தான் இசையமைப்பாளர்கள் பொதுவாகக் கீழே சுரங்களை அகலமாகவும் மேலே நெருக்கமாகவும் அடுக்குகிறார்கள்.

மார்ஃபின் இந்தச் சிக்கலைக் கடந்த விதத்தில்தான் அந்தக் குழுவின் அறிவுக்கூர்மை தெரிகிறது. முதலாவதாக, அவர்கள் ஒரே நேரத்தில் ஒரே வேலையைச் செய்வதில்லை. பேஸ் ஒரு சிறு சொற்றொடரை வாசித்துவிட்டு நிற்கும். அது நின்ற இடத்தில் சாக்ஸஃபோன் பதில் சொல்லும். இரண்டும் சேர்ந்து ஒலிக்க வேண்டிய இடத்தில் பெரும்பாலும் ஒரே சுர வரிசையையே வாசித்து ஒரு பெரிய கருவியைப்போல் நடந்துகொள்ளும். இரண்டாவதாக, பாரிட்டோன் சாக்ஸஃபோனின் நாதத்தில் அடிப்படைச் சுரத்துக்கு மேலே அடுக்கடுக்காக மேற்சுரங்கள், அதாவது அதனோடு சேர்ந்தே மெல்ல எழும் உயர்ந்த ஒலிகள், நிறைந்திருக்கின்றன. ஊதுமுனையில் உள்ள நாணல் அதிரும் கரகரப்பும் வாசிப்பவரின் மூச்சும் உலோகக் குழாயின் முரட்டுத்தனமும் அந்த மேற்சுரங்களில்தான் கேட்கின்றன, ஆகவே வழக்கமாக மின்கிதார் நிரப்பும் நடுப்பகுதியை அதுவே போதுமான அளவுக்கு நிரப்பிவிடுகிறது. மூன்றாவதாக, மேலே இருக்கும் வெற்றிடத்தை நிரப்ப வேண்டும் என்ற பதற்றமே அவர்களுக்கு இல்லை. சிம்பலின் ஒலி, டிரம்ஸின் விளிம்பில் குச்சி படும் ஓசை, சாண்ட்மன் ஒரு சொல்லை முடிக்கும்போது விடும் மூச்சு ஆகியவை எல்லாம் அந்த வெளியில் தெளிவாகத் தெரிகின்றன. மூவர் வாசிக்கும்போது ஒவ்வொருவரும் என்ன செய்கிறார் என்பதை முதல் முறையிலேயே தனித்தனியாகக் கேட்க முடிகிற ராக் குழுக்கள் மிகச் சிலவே.

கேள்வி: இரண்டு தந்தி பேஸ் என்பது கவனத்தை ஈர்ப்பதற்கான ஒரு வித்தைதானே? நான்கு தந்தி இருக்கும்போது இரண்டை ஏன் கழற்ற வேண்டும்?

பதில்: நீங்கள் ‘க்யூர் ஃபார் பெய்ன்’ ஆல்பத்தில் உள்ள ‘ப்யூனா’ பாடலின் தொடக்கத்தை ஒரு முறை கேளுங்கள். பேஸ் தனியாக வருகிறது. ஒரு சுரத்திலிருந்து இன்னொரு சுரத்துக்குத் தாவாமல் வழுக்கிக்கொண்டு செல்கிறது. சேர வேண்டிய இடத்துக்குச் சற்றுக் கீழே தயங்கி, பிறகு அங்கே போய் அமர்கிறது. இதை வழக்கமான பேஸில் விரலால் அழுத்தி வாசிக்க முடியாது, ஏனென்றால் கிதாரின் கழுத்தில் பதித்திருக்கும் உலோகக் கட்டைகள் சுரங்களைத் தனித்தனிப் படிகளாக்கிவிடுகின்றன. சாண்ட்மன் விரலில் மாட்டிய ஸ்லைடு குழாயைத் தந்தியின்மேல் ஓட்டி அந்தப் படிகளை அழித்தார். நம் சித்திரவீணைக் கலைஞர் கையிலுள்ள உருளையைத் தந்திமேல் நகர்த்தி ஒரு சுரத்துக்கும் அடுத்த சுரத்துக்கும் இடையிலுள்ள வழி முழுவதையும் காட்டுவதைப்போன்ற செயல்தான் இது.

ஸ்லைடு வைத்து வாசிக்கும்போது தந்திகள் கூடக்கூட, தேவையற்ற தந்திகள் அதிர்ந்து ஒலியைக் கெடுக்கும் அபாயமும் கூடுகிறது. ஆகவே தந்திகளைக் குறைத்தது வாசிப்பின் தேவையிலிருந்து பிறந்த முடிவு என்றே நான் கருதுகிறேன். அவர் முதலில் ஒரே தந்தியை வைத்துத்தான் சோதித்துப் பார்த்தார். பிறகு இரண்டாவதைச் சேர்த்தார். இரண்டையும் ஒரே சுரத்திலோ, ஒன்றுக்கொன்று இயைந்த இடைவெளியிலோ பாடலுக்கேற்பச் சுருதி சேர்த்துக்கொண்டார். பின்னாளில் இரண்டு கிதார் தந்திகளையும் ஒரு பேஸ் தந்தியையும் ஒரே கருவியில் பூட்டி ‘ட்ரைடார்’ என்று பெயரிட்டு வாசித்ததும் உண்டு.

இந்த ஆர்வம் மார்ஃபினில் திடீரென முளைத்ததன்று. அதற்கு முன் எண்பதுகளில் அவர் ‘ட்ரீட் ஹர் ரைட்’ என்ற ப்ளூஸ் சார்ந்த குழுவில் இருந்தபோது, அங்கே பேஸ் கருவியே கிடையாது. சாதாரணக் கிதாரின் ஒலியை மின்கருவி வழியே ஒரு ஸ்தாயி கீழே இறக்கி அவர் பேஸின் வேலையைச் செய்தார். அதே குழுவில் பில்லி கான்வே நின்றபடி ஒற்றை காக்டெயில் டிரம்மை வாசித்தார். இருப்பதைக் குறைத்துக்கொண்டு, குறைத்த பிறகு மிஞ்சியதிலிருந்து முழு இசையையும் எடுக்க வேண்டும் என்ற பிடிவாதம் சாண்ட்மனிடம் பத்தாண்டுகளுக்கு மேலாக இருந்திருக்கிறது. அமெரிக்கத் தென்பகுதியில் கறுப்பின மக்கள் ஒற்றைக் கம்பியைப் பலகையில் கட்டி, அதன்மேல் புட்டியை உரசி வாசித்த ‘டிட்லி போ’ என்ற கருவி ப்ளூஸ் இசையின் வேர்களில் ஒன்று. சாண்ட்மனின் ஒற்றைத் தந்தியைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு அந்த மரபுதான் நினைவுக்கு வருகிறது.

கேள்வி: சாக்ஸஃபோன் இருப்பதால் இதை ஜாஸ் என்று வகைப்படுத்தலாமா?

பதில்: கூடாது என்பது என் கருத்து. ஜாஸில் ஒரு மெட்டை எடுத்துக்கொண்டு அதன்மேல் மனோதர்மமாக நீண்ட நேரம் விரித்து வாசிப்பதே மையம். மார்ஃபினில் பாடல்தான் மையம். பெரும்பாலான பாடல்கள் மூன்று, நான்கு நிமிடங்களில் முடிந்துவிடுகின்றன. டேனா காலி அடிக்கடி செய்வது ஒரு சிறு சுரக்கோவையைத் திரும்பத் திரும்ப அழுத்தமாக வாசிப்பது. ராக் கிதார் கலைஞர்கள் ரிஃப் என்று சொல்வது இதைத்தான். ஐம்பதுகளின் ரிதம் அண்ட் ப்ளூஸ் பதிவுகளில் பாரிட்டோன் சாக்ஸஃபோன் பேஸுக்குத் துணையாக நின்று இதே வேலையைச் செய்திருக்கிறது. ஆக, அவருடைய மூதாதையர் அந்தப் பக்கத்தில் அதிகம்.

ஆனாலும் ஜாஸிலிருந்து அவர் பெற்றுக்கொண்டது ஒன்று உண்டு. சில பாடல்களில் அவர் இரண்டு சாக்ஸஃபோன்களை ஒரே நேரத்தில் வாயில் வைத்து வாசிப்பார். ஜாஸ் மேதை ரசான் ரோலண்ட் கர்க் புகழ்பெறச் செய்த முறை அது. இரண்டு கருவிகள் ஒரே மூச்சில் ஒலிக்கும்போது எழும் அந்தக் கரடுமுரடான இணைச்சுரம், ஒலிப்பெருக்கியை முறுக்கிவிட்ட மின்கிதாரின் உறுமலுக்கு மிக அருகில் வந்துவிடுகிறது. மேடைப் பதிவுகளைப் பாருங்கள். கண்ணுக்கு விந்தையாகத் தோன்றுவது, காதுக்கு அந்த இடத்தில் தவிர்க்க முடியாததாகத் தோன்றும்.

கேள்வி: தாங்கள் சொன்னதை நம்பிக் கைப்பேசியில் கேட்டேன். மெலிந்து, உயிரற்று ஒலிக்கிறது. எல்லாரும் புகழ்வதற்குக் காரணம் புரியவில்லை.

பதில்: குற்றம் உங்கள் ரசனையில் இல்லை. கைப்பேசிக்குள் இருக்கும் ஒலிபெருக்கி மிகச் சிறியது. தாழ்ந்த ஒலிகளை எழுப்பத் தேவையான அளவு காற்றை அதனால் அசைக்க முடியாது, ஆகவே 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளவை பெரும்பாலும் கேட்பதே இல்லை. மற்ற ராக் குழுக்களைக் கைப்பேசியில் கேட்கும்போது பேஸ் மறைந்தாலும் கிதாரும் குரலும் எஞ்சி நிற்கின்றன. மார்ஃபினில் மறைவது இசையின் பாதி. மேற்சுரங்களை வைத்து அடிப்படைச் சுரத்தை நம் மூளை ஓரளவு ஊகித்துக்கொள்ளும் என்பதால் மெட்டு என்னவோ புரிந்துவிடும். ஆனால் அந்த இசையின் உடல் உங்களிடம் வந்து சேராது.

காதை முழுவதும் மூடும் ஹெட்ஃபோனிலோ, ஓரளவு பெரிய ஒலிபெருக்கியிலோ கேளுங்கள். ஒலியளவைக் கூட்ட வேண்டியதில்லை. தாழ்ந்த ஒலிகளைக் கூட்டும் அமைப்பு ஏதேனும் இருந்தால் அதை அணைத்துவிடுங்கள். அதைப் போட்டால் சாக்ஸஃபோனும் பேஸும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், அவர்கள் அரும்பாடுபட்டுப் பிரித்து வைத்தது வீணாகிவிடும்.

கேள்வி: ஐந்து ஆல்பங்களில் எதிலிருந்து தொடங்க வேண்டும்? எது சிறந்தது?

பதில்: தொடங்க வேண்டியது ‘க்யூர் ஃபார் பெய்ன்’. சாக்ஸஃபோன் மட்டுமே முன்னிற்கும் ‘டானா’ என்ற மிகச் சிறிய முன்னுரைக்குப் பிறகு ‘ப்யூனா’ வெடித்துக் கிளம்புகிறது. அங்கிருந்து அந்த ஆல்பம் தளர்வதே இல்லை. ‘தர்ஸ்டே’ பாடலில் ஒரு சிறுகதையையே சொல்லி முடித்துவிடுகிறார்கள்: வாரந்தோறும் வியாழக்கிழமை மணமான ஒரு பெண்ணைச் சந்திக்கும் ஆண், அது கணவனுக்குத் தெரிய வருவது, ஊரைவிட்டு ஓட வேண்டி வருவது என்று கதை செல்லச் செல்ல இசையும் மூச்சு வாங்குகிறது. தலைப்புப் பாடலில் காலியின் சாக்ஸஃபோன் பாடகருக்கு நிகரான இன்னொரு குரலாகவே ஆகிவிடுகிறது. இவற்றுக்கு நடுவே ‘இன் ஸ்பைட் ஆஃப் மீ’ என்ற பாடலில் பேஸும் சாக்ஸஃபோனும் டிரம்ஸும் ஒதுங்கிக்கொள்ள, மாண்டலினின் துணையோடு சாண்ட்மன் மெல்லப் பாடுகிறார். ‘இன்ன கருவிதான் வாசிப்போம்’ என்ற விதிக்கு அவர்கள் அடிமைகளாக இருக்கவில்லை என்பதற்கு அந்தப் பாடல் போதுமான சான்று.

முதல் ஆல்பமான ‘குட்’ இன்னும் பச்சையானது. மூவர் ஓர் அறையில் தங்கள் ஒலியைக் கண்டுபிடித்துக்கொண்டிருப்பதைக் கேட்கலாம். அதில் ‘யூ லுக் லைக் ரெய்ன்’ என்ற மெதுவான பாடல், பின்னால் அவர்கள் எட்டிய உயரங்களுக்குச் சற்றும் குறைந்ததன்று. ‘யெஸ்’ ஆல்பம் ‘ஹனி ஒயிட்’ என்ற துள்ளலான பாடலோடு தொடங்கி நேரடியாகவும் வேகமாகவும் ஓடுகிறது. அதன் பிற்பகுதியில் பாட்டைவிடப் பேச்சை நெருங்கும் சில சோதனைகள் எனக்கு அத்தனை நிறைவளிக்கவில்லை. ‘லைக் ஸ்விம்மிங்’ நன்றாகச் செய்யப்பட்டதுதான், ஆனால் ‘ஏர்லி டு பெட்’ போன்ற சில பாடல்களை நீக்கிப் பார்த்தால் ஏற்கெனவே தெரிந்த வழியில் அவர்கள் நடந்துகொண்டிருந்த காலம் என்று தோன்றுகிறது.

எது சிறந்தது என்று கேட்டால் நான் ‘தி நைட்’ என்பேன். பலர் உடன்படமாட்டார்கள். இந்த ஆல்பத்தில் பழைய மூவரின் ஒலிக்குப் பக்கத்தில் ஆர்கன், வயலின் குடும்பக் கருவிகள், பெண்களின் பின்னணிக் குரல்கள் ஆகியவை வருகின்றன. டுப்ரீ, கான்வே இருவருமே டிரம்ஸ் வாசிக்கிறார்கள். பத்தாண்டுகள் வெறுமையை வைத்து இசை செய்த ஒருவர், இப்போது எதைச் சேர்க்கலாம், எவ்வளவு சேர்க்கலாம் என்பதை நிறுத்து நிறுத்து முடிவு செய்திருக்கிறார். சேர்த்த எதுவும் அந்தக் கீழ் ஒலியை மூடவில்லை. ‘ரோப் ஆன் ஃபயர்’ பாடலில் மேற்காசிய இசையின் சாயல் வருகிறது. ‘தி நைட்’ என்ற தலைப்புப் பாடலின் நிதானம் வேறெந்த ராக் குழுவிடமும் எனக்குக் கிடைத்ததில்லை. ஆயினும் இதை முதலில் கேட்காதீர்கள். அவர்கள் எங்கிருந்து கிளம்பினார்கள் என்று தெரிந்தால்தான் எவ்வளவு தூரம் வந்திருக்கிறார்கள் என்பது விளங்கும்.

கேள்வி: குழுவின் பெயரே போதை தரும் ஒரு வலிநிவாரணி மருந்தின் பெயர். பாடல்களும் இருட்டாக இருக்கின்றன. என் மகன் இதைக் கேட்கிறான். நான் கவலைப்பட வேண்டுமா?

பதில்: கனவுகளுக்குரிய கிரேக்கத் தெய்வமான மார்ஃபியஸின் பெயரோடு உள்ள தொடர்பே தங்களைக் கவர்ந்தது என்று சாண்ட்மன் விளக்கமளித்திருக்கிறார். பாடல்களில் குடியும் போதையும் தகாத உறவும் வருகின்றன என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் அவற்றைக் கொண்டாடும் தொனி அங்கே இல்லை. அந்தப் பாடல்களில் வருகிறவர்கள் பெரும்பாலும் நடந்து முடிந்ததை எண்ணிப் பார்க்கிறவர்கள், அல்லது செய்யப்போகும் பிழையைத் தெரிந்தே நெருங்கிக்கொண்டிருப்பவர்கள். சாண்ட்மன் தம் சகோதரர்கள் இருவரை இழந்தவர். தம் சொந்த வாழ்க்கையைப் பற்றிப் பேச விரும்பாதவர். அவர் துயரத்தைக் குரலை உயர்த்தாமல், சொற்களைச் சிக்கனமாக வைத்துச் சொன்னார். தொண்ணூறுகளின் ராக் பாடகர்கள் பலர் தங்கள் வலியை அலறலாக வெளிப்படுத்திக்கொண்டிருந்த காலத்தில் இந்த அடக்கம் அரிதானது. உங்கள் மகனோடு உட்கார்ந்து ‘க்யூர் ஃபார் பெய்ன்’ தலைப்புப் பாடலைக் கேளுங்கள். அது வலி இல்லாத நாளை எண்ணி ஏங்கும் பாடல். அதைப் பற்றி நீங்கள் இருவரும் பேசிக்கொள்ள நிறைய இருக்கும்.

கேள்வி: இவ்வளவு சிறப்பு இருந்தும் ஏன் பெரும்புகழ் கிடைக்கவில்லை?

பதில்: 1991இல் நிர்வாணா குழுவின் ‘நெவர்மைண்ட்’ வந்த பிறகு, ‘மாற்று ராக்’ என்ற சொல்லுக்கு அமெரிக்க வானொலி ஒரு திட்டமான ஒலியைப் பொருத்திவிட்டது: அமைதியான சரணம், அதைத் தொடர்ந்து முறுக்கிய கிதார்களின் பேரோசை. அந்த வரிசையில் மார்ஃபின் பாடல் ஒன்றை இடையில் வைத்தால், முன்னும் பின்னும் வருகிற பாடல்களோடு அது எந்த வகையிலும் ஒட்டாது. ஜாஸ் நிலையங்கள் இதை ராக் என்றன. ராக் நிலையங்களுக்கு இது ஜாஸாகப் பட்டது. ஒப்பிட்டுப் பார்க்க ஓர் எடுத்துக்காட்டு சொல்கிறேன். ‘க்யூர் ஃபார் பெய்ன்’ ஆல்பத்தைச் சாண்ட்மனோடு சேர்ந்து தயாரித்தவர் பால் கோல்டரி. அதே 1993இல் வெளிவந்த ரேடியோஹெட் குழுவின் முதல் ஆல்பத்தைத் தயாரித்த இருவரில் ஒருவரும் அவரே. அந்த ஆல்பத்தில் ‘க்ரீப்’ பாடலின் நடுவே கிதார் உடைந்து சிதறுவதைப்போல் ஒலிக்கும் இடம் உலகப் புகழ் பெற்றது. ஒரே தயாரிப்பாளர், ஒரே ஆண்டு. காலத்தின் காது கிதார் இருந்த பக்கம் திரும்பியிருந்தது.

இரண்டாவது காரணம், இவர்களைப் பின்பற்றுவது கடினம். ஒரு குழு பெரிதாகப் பேசப்பட வேண்டுமானால் அதன் வழியில் வேறு பல குழுக்கள் தோன்றி, வரலாறு எழுதுகிறவர்களுக்கு ஒரு கிளையைக் காட்ட வேண்டும். மார்ஃபினைப் பின்பற்றும் குழு உடனே மார்ஃபினின் நகலாகத் தெரிந்துவிடும் என்பதால் அந்தக் கிளை வளரவில்லை. இருந்தாலும் முற்றிலும் புறக்கணிக்கப்பட்டார்கள் என்று சொல்வது நியாயமாகாது. ஐரோப்பாவில் அவர்களுக்குப் பற்றுள்ள ரசிகர்கள் இருந்தார்கள். 1994இல் வந்த ‘ஸ்பாங்கிங் தி மங்கி’ திரைப்படம் அவர்களுடைய பாடல்களைப் பயன்படுத்தியது. 1997இல் ட்ரீம்வொர்க்ஸ் என்ற பெரிய நிறுவனம் அவர்களை ஏற்றுக்கொண்டது. கிடைத்த மதிப்பு அவர்கள் செய்த வேலையின் அளவுக்கு இல்லை என்பதே என் ஆதங்கம்.

கேள்வி: சாண்ட்மன் எப்படி இறந்தார்? குழு இப்போது இருக்கிறதா?

பதில்: 1999ஆம் ஆண்டு ஜூலை 3ஆம் தேதி, இத்தாலியில் ரோமுக்கு அருகிலுள்ள பலெஸ்த்ரீனா என்ற ஊரில் வாசித்துக்கொண்டிருந்தபோது மாரடைப்பால் மேடையிலேயே விழுந்து இறந்தார். அவருக்கு வயது 46. ‘தி நைட்’ அவர் உயிரோடிருந்தபோது பதிவாகி, அடுத்த ஆண்டு வெளிவந்தது. மற்றவர்கள் வேறொரு பாடகரை அமர்த்திக்கொண்டு பழைய பெயரிலேயே தொடர முயலவில்லை. 2000இல் ‘ஆர்கெஸ்ட்ரா மார்ஃபின்’ என்ற பெயரில் நண்பர்களையும் சேர்த்துக்கொண்டு பெரிய குழுவாக அந்த ஆல்பத்தின் பாடல்களை ஊர் ஊராக வாசித்தார்கள். பிறகு காலியும் கான்வேயும் ‘ட்வைன்மென்’ என்ற குழுவை நடத்தினார்கள். பின்னாளில் காலியும் டுப்ரீயும் ஜெரமி லயன்ஸ் என்ற கலைஞரோடு சேர்ந்து ‘வேப்பர்ஸ் ஆஃப் மார்ஃபின்’ என்ற பெயரில் பழைய பாடல்களையும் புதியவற்றையும் வாசிக்கத் தொடங்கினார்கள். பில்லி கான்வே 2021இல் காலமானார். கேம்பிரிட்ஜின் சென்ட்ரல் ஸ்கொயர் பகுதியில், அவர்கள் பலமுறை வாசித்த ‘மிடில் ஈஸ்ட்’ அரங்கத்துக்கு அருகிலுள்ள ஒரு நாற்சந்திக்குச் சாண்ட்மனின் பெயரைச் சூட்டியிருக்கிறார்கள்.

கேள்வி: நான் பேஸ் கிதார் கற்றுவருகிறேன். என் கருவியில் இரண்டு தந்திகளைக் கழற்றிவிட்டு இவரைப்போல் வாசித்துப் பார்க்கலாமா? ஆசிரியர் வேண்டாம் என்கிறார்.

பதில்: தாராளமாகச் செய்து பாருங்கள்; நான்கு தந்தியில் கற்பதை நிறுத்திவிடாதீர்கள் என்பதற்காகத்தான் உங்கள் ஆசிரியர் தடுக்கிறார் என்று நினைக்கிறேன். கழற்றுவதற்கு முன் ஒன்றைக் கவனியுங்கள். தந்திகள் குறையும்போது கருவியின் கழுத்தின்மேல் உள்ள இழுவிசை குறைந்து, நாளடைவில் கழுத்து சற்றுப் பின்னால் வளையக்கூடும். ஆகவே நல்ல கருவியில் செய்யாமல் பழைய கருவி ஒன்றில் செய்யுங்கள். தந்திகள் கட்டைகளைத் தொடாதபடி சற்று உயர்த்திக் கட்டுங்கள், இல்லையேல் ஸ்லைடு உலோகத்தில் இடித்துச் சத்தமெழுப்பும். கனமான ஸ்லைடைத் தேர்ந்தெடுங்கள். பேஸ் தந்தி தடிமனானது என்பதால் மெல்லிய குழாய் அதன் அதிர்வைத் தாங்காது. ஸ்லைடை இரண்டு கட்டைகளுக்கு நடுவில் வைக்காமல், நேராகக் கட்டையின்மேலேயே நிறுத்தினால்தான் சுருதி சேரும். ஸ்லைடுக்குப் பின்னால் இருக்கும் விரல்களால் தந்தியை இலேசாகத் தொட்டுக்கொண்டே இருங்கள். அந்தப் பக்கத்திலிருந்து வரும் தேவையற்ற அதிர்வு அடங்கிவிடும்.

முதல் சில வாரங்களில் மெட்டு எதையும் வாசிக்க முயலாமல், ஒரே சுரத்துக்குக் கீழிருந்து வழுக்கிச் சென்று சரியான இடத்தில் நிற்பதை மட்டும் பழகுங்கள். பக்கத்தில் ஒரு தம்புராப் பதிவையோ சுருதிப் பெட்டியையோ ஒலிக்கவிட்டால், நீங்கள் எங்கே தவறுகிறீர்கள் என்பதைக் காதே சொல்லிவிடும். அது கைவந்த பிறகு ‘ப்யூனா’வின் தொடக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வேகத்தைப் பாதியாகக் குறைத்து, சாண்ட்மன் எந்தச் சுரத்தில் வழுக்குகிறார், எதை நேராக அடிக்கிறார் என்று குறித்துக்கொண்டு வாசித்துப் பாருங்கள்.